எல்லைக்கு அப்பால் படிக்கப்பட்ட கொடி

1937 ஜூன் 17 அன்று பெத்ரசவோத்ஸ்க் நகரில் கூடிய சோவியத்துகளின் மாநாடு, கரேலியத் தன்னாட்சிக் குடியரசுக்குப் புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. கொடியைப் பற்றி அதில் ஒரு விதி இருந்தது. துணி சிவப்பு. கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் பொன்னிற எழுத்துகளில் ரஷ்யக் கூட்டரசின் பெயர்ச்சுருக்கமும் குடியரசின் பெயரும் இருக்க வேண்டும். அவை மூன்று மொழிகளில் எழுதப்பட வேண்டும்: ரஷ்யம், கரேலியம், ஃபின்னிஷ். ஒரு சிறிய மூலைக்குள் மூன்று மொழிகள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபின்னிஷ் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் ஃபின்னிஷ் திரும்பி வந்தது, கரேலியம் வெளியேறியது. அதன்பின் கரேலியம் அந்தக் கொடிக்குத் திரும்பவே இல்லை.

கொடிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறங்களுக்குப் பொருள் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். கரேலியாவில் அது போதாது. அங்கே கொடி மாறிய ஒவ்வொரு முறையும், அதை ஏற்றியவர்களின் கண் கொடிக்குக் கீழே நின்ற மக்களைவிட எல்லைக்கு அப்பால் இருந்த ஃபின்லாந்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்தத் துணியின் நூறாண்டுப் பயணம் விளங்கிவிடும்.

கரேலியா ரஷ்யாவின் வடமேற்கு மூலை. மேற்கே ஃபின்லாந்து, வடகிழக்கே வெண்கடல், தெற்கே ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரிகளான லடோகாவும் ஓனெகாவும். உள்ளே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். மீதி பெரும்பாலும் காடு. தலைநகர் பெத்ரசவோத்ஸ்க், ஓனெகா ஏரிக்கரையில் 1703-இல் முதலாம் பீட்டர் பேரரசர் பீரங்கி வார்ப்பதற்காக நிறுவிய பட்டறையிலிருந்து வளர்ந்த ஊர். கரேலியர்கள் பேசும் மொழி ஃபின்னிஷுக்கு நெருங்கிய உறவு. மதத்தாலோ அவர்கள் ரஷ்யர்களைப் போல் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள், ஃபின்லாந்துக்காரர்கள் லூத்தரன்கள். மொழி ஒரு பக்கம் இழுக்க, கோயில் மறுபக்கம் இழுத்தது. ஃபின்லாந்தின் தேசியக் காப்பியமான ‘கலேவலா’வுக்கான பாடல்களில் மிகப் பெரும்பகுதியை எலியாஸ் லோன்ரோத் திரட்டியது இந்தக் கரேலிய ஊர்களில்தான். 1835-இல் முதல் பதிப்பும் 1849-இல் விரிந்த பதிப்பும் வந்தன. அன்றிலிருந்து ஃபின்லாந்தின் படித்த வர்க்கத்துக்குக் கரேலியா தன் முன்னோரின் வீடாகவே தோன்றியது. அங்கே உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்த அன்பு சில சமயம் கைகொடுத்தது, பல சமயம் வினையாக வந்து சேர்ந்தது.

ஓவியர் அக்செலி காலன்-கல்லேலா அந்த வர்க்கத்தின் தலைசிறந்த கலைஞர். 1890-இல் மணமான கையோடு மனைவி மேரியை அழைத்துக்கொண்டு கரேலியக் காடுகளுக்குள் பயணம் போனவர். கலேவலாவின் காட்சிகளை ஃபின்லாந்து மக்களின் கண்ணுக்குள் பதித்தவர் அவரே. 1917-இல் ஃபின்லாந்து விடுதலை பெற்ற பிறகு தளபதி மன்னர்ஹைமின் துணை அதிகாரியாக இருந்து, புதிய நாட்டுக்கான பதக்கங்களையும் சீருடைகளையும் வரைந்தார். கரேலியாவுக்கான கொடியும் அவர் கையிலிருந்துதான் வரப்போகிறது.

அதற்கு முன்பே சில துணிகள் அந்தக் காற்றில் ஆடிவிட்டன. ரஷ்யப் பேரரசு சரிந்த பிறகு வெண்கடல் கரையில் எல்லோரும் வந்து இறங்கினார்கள்: ஃபின்லாந்தின் தன்னார்வப் படைகள், போல்ஷெவிக்குகள், வெள்ளைப் படையினர், பிரிட்டிஷார். 1918-இல் கெம் நகரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் வுட்ஸ், பெல்ஃபாஸ்ட்காரர், கரேலியர்களைக் கொண்டு ஒரு ரெஜிமெண்ட் அமைத்தார். அதன் சின்னம் ஆரஞ்சு நிறத்தின்மேல் பச்சை ஷாம்ராக் இலை. அயர்லாந்தின் இலையைத் தலையில் சூடிக்கொண்டு, கரேலிய உழவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து ஃபின்லாந்துப் படையை விரட்டினார்கள். இந்தச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மொழி நெருங்கியது என்பதற்காகக் கரேலியர்கள் எல்லோரும் ஃபின்லாந்தோடு சேரத் துடித்தார்கள் என்று சொல்பவர்களுக்கும், அவர்கள் போல்ஷெவிக்குகளைக் கைகூப்பி வரவேற்றார்கள் என்று சொல்பவர்களுக்கும் இந்த ரெஜிமெண்டே விடை. அவர்களில் பலர் விரும்பியது தங்கள் காட்டையும் ஏரியையும் தங்களிடமே விட்டுவிட வேண்டும் என்பதைத்தான்.

அதே காலத்தில், வட கரேலியாவின் பெரிய ஊரான உஹ்துவாவில் வான்நீலத் துணியில் ஏழு விண்மீன்கள் கொண்ட கொடி ஒன்று ஏறியது. நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் அந்த ஏழு மீன்கள். வடதிசையைக் காட்டும் கூட்டம் என்பதால் காட்டில் திரிபவருக்கும் கடலில் போகிறவருக்கும் அது துணை. ஆனால் அந்தக் கொடிக்கு ஆயுள் குறைவு. 1920 மார்ச்சில் உஹ்துவாவில் கூடிய கரேலியப் பேரவை, ரஷ்யாவிலிருந்து பிரிந்த தனி நாடாக வாழ விரும்புவதாக அறிவித்தபோது ஏற்றுக்கொண்டது காலன்-கல்லேலா வரைந்த புதிய கொடியை.

அது பச்சைத் துணி. அதில் கிடந்த நிலையில் ஒரு கறுப்புச் சிலுவை, அதற்குச் சிவப்பு விளிம்பு. ஃபின்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் எல்லாக் கொடிகளிலும் இருக்கும் அதே வடநாட்டுச் சிலுவை வடிவம். பச்சை அந்த நாட்டின் காடும் இயற்கையும். கறுப்பு மண்ணும் துயரமும். சிவப்போ காட்டை எரித்து விதைக்கும் பழைய வேளாண்மையின் நெருப்பு. கொடியோடு சேர்ந்து ஒரு சின்னமும் வந்தது: அறுந்த சங்கிலிமேல் எழுந்து நிற்கும் கறுப்புக் கரடி, கையில் கரேலிய உழவன் புதர் வெட்டும் கொத்துக்கத்தி, மேலே வடதுருவ ஒளி. ஒரு ஓவியனாக காலன்-கல்லேலாவைப் பாராட்டத்தான் வேண்டும். கரேலியன் அன்றாடம் கையில் எடுக்கும் கருவியைக் கரடிக்குக் கொடுத்திருக்கிறார், வாளைக் கொடுக்கவில்லை. ஆனால் சிலுவையின் வடிவம் ஒரு அரசியல் வாக்கியம். இந்த நாடு அந்த நான்கு நாடுகளின் வரிசையைச் சேர்ந்தது என்று அது சொன்னது. மாஸ்கோவில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே கேட்டது.

1920 மே 18 அன்று செஞ்சேனை உஹ்துவாவுக்குள் நுழைந்தது. மூன்று வாரங்களில், ஜூன் 8 அன்று, கரேலியத் தொழிலாளர் கம்யூன் என்ற தன்னாட்சிப் பகுதியை மாஸ்கோ அறிவித்தது. அதற்கும் நான்கு நாள் கழித்து, ஜூன் 12 அன்று, எஸ்தோனியாவின் தார்த்து நகரில் ஃபின்லாந்துக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் சமாதானப் பேச்சு தொடங்கியது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. கரேலியர்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று ஃபின்லாந்தின் தூதுக்குழு மேசையில் கேட்கும்போது, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று பதில் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும். அந்தப் பதில்தான் கம்யூன். அக்டோபர் 14 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. கரேலியா ரஷ்யாவுக்குள் தன்னாட்சியோடு இருக்கும் என்று ஆனது.

கம்யூனின் தலைமைக்கு லெனின் அழைத்து வந்தவர் எட்வர்ட் குய்லிங். பொருளியலும் புள்ளியியலும் கற்ற ஃபின்லாந்துக்காரர். 1918-இல் ஃபின்லாந்தின் உள்நாட்டுப் போரில் செம்படை அரசின் நிதிப்பொறுப்பை ஏற்று, தோல்விக்குப் பின் சுவீடனுக்குத் தப்பிப் போயிருந்தவர். அவருடைய திட்டம் துணிவானது. கரேலியாவைப் பக்கத்து நாட்டுத் தொழிலாளர்கள் பார்த்து ஏங்கும்படி வளர்க்க வேண்டும். மர வருமானத்தை இங்கேயே செலவிட வேண்டும். பள்ளியும் அலுவலகமும் ஃபின்னிஷில் நடக்க வேண்டும். நாளைக்கு ஃபின்லாந்திலும் புரட்சி வரும்போது இரண்டும் இணையும் என்பது அவர் கனவு.

கொடி என்று பார்த்தால், கம்யூன் வாழ்ந்தது ரஷ்யக் கூட்டரசின் செங்கொடியின் கீழ். 1918 அரசியல் சட்டம் வகுத்த கொடி அது. சிவப்புத் துணி, மேல்மூலையில் பொன்னெழுத்தில் கூட்டரசின் பெயர்ச்சுருக்கம். காலன்-கல்லேலாவின் பச்சைக் கொடி எதிர்த்தரப்பின் கொடியாகிவிட்டது. 1921 இலையுதிர் காலத்தில், உணவுப் பறிமுதலால் கொதித்த கரேலிய ஊர்கள் எழுந்தபோது, அதைத் தாங்கியவர்கள் காட்டுக் கெரில்லாக்கள். ஃபின்லாந்திலிருந்து தன்னார்வலர்களும் வந்து சேர்ந்தார்கள். 1922 பிப்ரவரியில் எழுச்சி முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கரேலியர்கள் உறைந்த காடுகளைக் கடந்து ஃபின்லாந்துக்குள் அகதிகளாகப் போனார்கள். பச்சைக் கொடியும் அவர்களோடு போய், அடுத்த எழுபது ஆண்டுகள் அகதிகளின் சங்கங்களில் வாழ்ந்தது.

ஃபின்லாந்து விடவில்லை. உடன்படிக்கையில் சொன்ன தன்னாட்சி எங்கே என்று கேட்டு, நாடுகளின் சங்கத்திடம் முறையிட்டது. சங்கம் ஹேக் நகரில் இருந்த பன்னாட்டு நிரந்தர நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. ரஷ்யா சங்கத்தின் உறுப்பினர் இல்லை, விசாரணைக்கு இசையவும் இல்லை. ஆகவே கருத்துச் சொல்ல முடியாது என்று 1923 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் கரேலியாவின் பெயரைக் கேள்விப்படுவது பெரும்பாலும் இந்த வழக்கினால்தான். இரண்டு நாள் கழித்து, ஜூலை 25 அன்று, மாஸ்கோ கம்யூனைத் தன்னாட்சிக் குடியரசாக உயர்த்தியது.

அடுத்த பத்தாண்டுகள் குய்லிங்கின் காலம். கலேவலாவின் நூற்றாண்டை 1935-இல் பெத்ரசவோத்ஸ்க் விழாவாகவே கொண்டாடியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஃபின்லாந்துக்காரர்கள் ஆறாயிரம் பேர் அளவில், மரம் வெட்டும் கருவிகளையும் கைத்திறனையும் எடுத்துக்கொண்டு கப்பலேறி வந்தார்கள். ஆனால் அந்தக் குடியரசின் அடிக்கல்லில் ஒரு விரிசல் இருந்தது. 1926 கணக்கெடுப்பில் கரேலியர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், மக்கள்தொகையில் 37 சதவீதம். ஃபின்லாந்துக்காரர்கள் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். குடியரசு கரேலியர்களின் பெயரில் இருந்தது. அதன் அலுவல்மொழி ரஷ்யமும் ஃபின்னிஷும். கரேலியக் குழந்தை தன் வீட்டில் பேசாத, ஆனால் முயன்றால் புரிகிற ஒரு மொழியில் எழுதப் படிக்கக் கற்றது. குய்லிங் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று நம்புகிறேன். கரேலிய மொழியின் கிளைவழக்குகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன என்பதும் உண்மை. ஆனாலும் அவர் கண்ணும் எல்லைக்கு அப்பால்தான் இருந்தது. ஹெல்சிங்கியில் வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே பெத்ரசவோத்ஸ்க்கில் எழுதினார்.

1930-களின் நடுவில் அந்த அப்பால் ஆபத்தான திசையாகிவிட்டது. நாளைய புரட்சி நாடு என்று கருதப்பட்ட ஃபின்லாந்து, மாஸ்கோவின் கணக்கில் நாளைய போர் எதிரியானது. 1935 இறுதியில் குய்லிங்கும் கட்சிச் செயலாளர் குஸ்தா ரோவியோவும் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்கள். இருவரும் 1938-இல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

மூன்று மொழிகளைத் தாங்கிய 1937 கொடி இந்த இடைவெளியில் பிறந்தது. அதனால்தான் அது எனக்கு இத்தனை சோகமான கொடியாகத் தெரிகிறது. கரேலியம் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு அரசின் கொடியில் ஏறுகிறது. பக்கத்திலேயே ஃபின்னிஷ் இருக்கிறது. காகிதத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறொன்று அந்த நாட்டுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. ஆனால் அதே கோடையில் கைதுகள் தொடங்கின. ‘நாட்டுவாதி’, ‘ஒற்றன்’ என்ற குற்றச்சாட்டுகளோடு ஃபின்லாந்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இழுத்துச் செல்லப்பட்டார்கள், கரேலியர்களும் தப்பவில்லை. ஃபின்னிஷ் இதழ்கள் மூடப்பட்டன, பள்ளிகளிலிருந்து ஃபின்னிஷ் அகற்றப்பட்டது, நூலகங்களில் ஃபின்னிஷ் நூல்கள் அழிக்கப்பட்டன. டிசம்பர் இறுதியில் கொடியிலிருந்தும் போனது. மெத்வேஜிகோர்ஸ்க் ஊரை அடுத்த சந்தர்மோஹ் காட்டில் சுட்டுப் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் குழிகள் 1997-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. வட அமெரிக்காவிலிருந்து கோடரியோடு வந்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். கரேலிய உழவர்கள் கிடக்கிறார்கள். சொலோவெத்ஸ்கி தீவுச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,111 கைதிகளில் பெரும்பாலானோர் அங்கேதான். உக்ரைனின் எழுத்தாளர்கள் பலர் அவர்களில் உண்டு.

1938-இல் கொடியில் எஞ்சியவை ரஷ்யமும் கரேலியமும். கரேலியம் இப்போது ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்தில் எழுதப்பட்டது. மொழியியலாளர் திமீத்ரி பூப்ரிக் கிளைவழக்குகளைக் கலந்து ஒரு எழுத்துமொழியை அவசர அவசரமாக உருவாக்கினார். அதில் ரஷ்யச் சொற்கள் நிரம்பின. நேற்றுவரை ஃபின்னிஷில் பாடம் நடத்திய ஆசிரியர் இன்று இந்தப் புதுமொழியில் நடத்த வேண்டும். அவருக்கே அது புதிது. ஒரு மொழியை வளர்க்கத் தலைமுறைகள் தேவைப்படும் வேலையை ஆணை போட்டுச் சில மாதங்களில் செய்யச் சொன்னார்கள். பூப்ரிக் நேர்மையான அறிஞர். அவரையும் கைது செய்தார்கள், பிறகு விடுவித்தார்கள்.

1939 நவம்பர் 30 அன்று செஞ்சேனை ஃபின்லாந்தைத் தாக்கியது. எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் ஒட்டோ வில்லே கூசினென் தலைமையில் ‘ஃபின்லாந்து ஜனநாயகக் குடியரசு’ என்ற பொம்மை அரசு நிறுத்தப்பட்டது. ஃபின்லாந்து பணியவில்லை. 1940 மார்ச்சில் சமாதானம் ஆனபோது அது நிலத்தை இழந்தது, நாட்டைக் காத்துக்கொண்டது. பொம்மை அரசுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் கூசினெனும் அவரோடு வந்த எண்ணமும் வீணாகக் கூடாது. மார்ச் 31 அன்று கரேலியா ஒரே தாவலில் சோவியத் ஒன்றியத்தின் முழு உறுப்புக் குடியரசானது: கரேலோ-ஃபின்னிஷ் சோவியத் சோஷலிஸ்ட் குடியரசு. உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் சமமான தகுதி. கூசினென் அதன் தலைவர்.

பெயரில் ‘ஃபின்னிஷ்’ வந்துவிட்டதால் கொடியிலும் வர வேண்டும். இரண்டரை ஆண்டுக்கு முன் துரத்தப்பட்ட, பேசியவர்களைச் சிறைக்கு அனுப்பிய அதே மொழி, சுத்தியல் அரிவாளோடு சேர்ந்து பொன்னெழுத்தில் மீண்டும் ஏறியது. ரஷ்யத்தில் ஒரு வரி, ஃபின்னிஷில் ஒரு வரி. கரேலியத்துக்கு இடமில்லை. பூப்ரிக்கின் எழுத்துமொழி கைவிடப்பட்டது. ஆசிரியர்களை மறுபடியும் ஃபின்னிஷுக்குத் திரும்பச் சொன்னார்கள். எத்தனை பேர் திரும்புவதற்கு உயிரோடு இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆணையைப் படிக்க மனம் வராது. யாருக்காக எழுதப்பட்ட கொடி இது? அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பான்மை ரஷ்யர்கள். ஹெல்சிங்கிக்கு மட்டும்தான் அதன் பொருள் தெளிவாகப் புரிந்திருக்கும்: உங்களுக்கும் இதற்குள் இடம் வைத்திருக்கிறோம்.

ஹெல்சிங்கி தன் வழியில் பதில் சொன்னது. 1941 அக்டோபர் 1 அன்று ஃபின்லாந்துப் படை பெத்ரசவோத்ஸ்க்கைப் பிடித்தது. ஊருக்கு ஆனிஸ்லின்னா என்று பெயர் மாற்றியது; ஃபின்லாந்தின் நீலச் சிலுவைக் கொடி ஏறியது. இனத்தால் நெருங்கியவர்கள் என்று கருதப்பட்ட கரேலியருக்கும் வெப்ஸ் மக்களுக்கும் ஒரு நடைமுறை, ரஷ்யர்களுக்கு முள்வேலி முகாம்கள். முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். குடியரசின் அலுவலகங்களோ வெண்கடல் கரையில் பெலமோர்ஸ்க் ஊரில் இயங்கின. 1944 ஜூன் 28 அன்று நகரம் மீட்கப்பட்டபோது சிவப்புக் கொடி திரும்பியது. காலன்-கல்லேலாவின் கொடியை இரு தரப்பும் ஏற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பெரிய ஃபின்லாந்து’ என்ற கனவுக்குள்ளும் கரேலியாவுக்கென்று தனிக் கொடி தேவைப்படவில்லை.

போருக்குப் பின் நிறங்கள் வந்தன. 1945-இல் ஐக்கிய நாடுகள் சபையில் உக்ரைனும் பெலாரஸும் தனித்தனி இருக்கை பெற்றபோது ஒரு சங்கடம் எழுந்தது. சோவியத் குடியரசுகளின் கொடிகள் எல்லாம் ஒரே செந்துணிதான். எழுத்தைப் படித்தால்தான் எது எவருடையது என்று தெரியும். 1947 ஜனவரியில் மாஸ்கோ ஒரு முடிவு எடுத்தது: ஒவ்வொரு குடியரசும் சுத்தியல், அரிவாள், விண்மீனை வைத்துக்கொண்டு, தன் தனித்தன்மையை நிறத்தாலோ கோலத்தாலோ கொடியில் காட்ட வேண்டும். கரேலோ-ஃபின்னிஷ் குடியரசின் புதுக் கொடி 1953-இல் வந்தது. மேலே அகன்ற சிவப்பு. அதன் கீழ் நீலப் பட்டை. அடியில் பச்சைப் பட்டை. எழுத்து ஒன்றும் இல்லை. ஏரியும் காடும் முதன்முறையாகச் சோவியத் கரேலியாவின் துணியில் இடம்பிடித்தன.

அந்தக் கொடி மூன்று ஆண்டுகூட முழுமையாகப் பறக்கவில்லை. ஆனாலும் இந்த வரலாற்றின் நடுவில் நிற்பது அதுதான் என்பது என் கருத்து. அதைப் பிறப்பித்தது மேலிடத்து ஆணை, உண்மைதான். ஆனால் ஆணை நிறத்தைச் சொல்லவில்லை. நீலத்தையும் பச்சையையும் தேர்ந்தவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்திருக்க வேண்டும். முன்பு வந்த கொடிகள் எல்லாம் எந்த மொழிக்காரருக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டவை. ரஷ்யரானாலும் கரேலியரானாலும் வெப்ஸ் ஆனாலும், ஓனெகா கரையில் நிற்கும் எவருக்கும் இந்தக் கொடி பொருந்தியது.

1956-இல் காற்று மீண்டும் திரும்பியது. ஃபின்லாந்தோடு உறவு சீராகிவிட்டது. அவ்வாண்டு ஜனவரியில் ஹெல்சிங்கிக்கு அருகிலிருந்த போர்க்கலா கடற்படைத் தளத்தைக்கூட மாஸ்கோ திருப்பிக் கொடுத்தது. பக்கத்து வாசலில் ‘ஃபின்னிஷ்’ என்ற பெயரோடு ஒரு குடியரசை வைத்திருப்பது இனி மிரட்டலாக மட்டுமே படும். ஜூலை 16 அன்று கரேலியா ரஷ்யக் கூட்டரசுக்குள் தன்னாட்சிக் குடியரசாக இறக்கப்பட்டது. ஒன்றியத்தின் உறுப்புக் குடியரசுகள் பதினாறிலிருந்து பதினைந்தாகின. சோவியத் அரசுச் சின்னத்தில் கதிர்களைச் சுற்றியிருந்த பதினாறு நாடாச்சுற்றுகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மாஸ்கோவின் பொருட்காட்சித் திடலில் 1954-இல் எழுப்பிய ‘மக்களின் நட்பு’ நீரூற்றில் மட்டும் பதினாறு பொன்னிறப் பெண்சிலைகள் இன்றும் நிற்கின்றன.

தகுதி போனதும் தனிக் கொடியும் போனது. தன்னாட்சிக் குடியரசுக்கு ரஷ்யக் கூட்டரசின் கொடிதான்: சிவப்புத் துணி, கம்பத்தை ஒட்டி ஒரு செங்குத்தான நீலப் பட்டை. கொடியில் குடியரசின் பெயர் ரஷ்யத்திலும் ஃபின்னிஷிலும். 1978-இல் புதிய அரசியல் சட்டம் வந்தபோதும் அதுவே தொடர்ந்தது. 1989-இல் அங்கே கரேலியர்கள் பத்து சதவீதம், ஃபின்லாந்து வழியினர் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகம். தம் பெயரால் அமைந்த நாட்டின் கொடியில் கரேலியர்கள் தம் மொழியைப் படித்தது 1937 முதல் 1940 வரை மட்டும். அது பயங்கரத்தின் காலம். வாழ்வின் அமைதியான ஆண்டுகளில் வேறு மொழிகளே அவர்களைக் குறித்தன.

1990 ஆகஸ்ட் 9 அன்று கரேலியா தன் இறையாண்மையை அறிவித்தது. 1993 பிப்ரவரி 16 அன்று புதிய கொடி சட்டமானது. சிவப்பு, நீலம், பச்சை. மூன்றும் இப்போது சம அகலம். சுத்தியல் இல்லை, அரிவாள் இல்லை, எழுத்து இல்லை. நாற்பது ஆண்டுக்கு முந்திய கொடியிலிருந்து கட்சியின் சின்னங்களை எடுத்துவிட்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் ஏற்ற அரசுச் சின்னத்தின் கேடயத்தில், யூரி நீவின் வரைவில், எழுந்து நிற்கும் கறுப்புக் கரடி திரும்பி வந்தது. கொத்துக்கத்தி இல்லை, சங்கிலி இல்லை. உஹ்துவாவின் கரடி ஏதோ ஒரு பாதையில் வந்து சோவியத் நிறங்களின்மேல் நின்றுவிட்டது.

பச்சைக் கொடியும் அகதிகளின் சங்கங்களிலிருந்து வெளியே வந்தது. குடியரசுக்கு உரியது மூவண்ணக் கொடி. அந்தப் பச்சைக் கொடியைக் கரேலிய இனத்தவர் தம் இனத்தின் கொடியாக எடுத்துக்கொண்டார்கள். எல்லையின் இரு பக்கமும் கரேலிய மொழி விழாக்களில் அது காணக் கிடைத்தது. அதில் பிரிவினையை மட்டும் காண்பவர்கள், அதைத் தூக்கியவர்களில் பெரும்பாலோர் கேட்டது பாடப்புத்தகத்தையும் செய்தித்தாளையும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1989-இல் லத்தீன் எழுத்தில் கரேலியத்துக்கு நெடுங்கணக்கு வகுத்தார்கள். அடுத்த ஆண்டே பெத்ரசவோத்ஸ்க்கில் ‘ஓமா முவா’ இதழ் தொடங்கியது. சொந்த மண் என்று அதற்குப் பொருள்.

ஆனால் அரசுமொழி என்ற தகுதி கிட்டவில்லை. ரஷ்யாவின் குடியரசுகளின் அரசுமொழிகள் சிரிலிக் எழுத்தில்தான் இருக்க வேண்டும், விலக்கு வேண்டுமானால் கூட்டரசுச் சட்டம் தேவை என்று 2002-இல் விதி வந்தது. கரேலியாவின் அரசியல் சட்டமோ இரண்டாவது அரசுமொழிக்குப் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது. பெரும்பான்மையாகிவிட்ட ரஷ்யர்கள் வாக்களித்தால்தான் கரேலியத்துக்கு அந்தத் தகுதி என்ற நிலை. 2010-இல் கரேலியர்கள் 45,570 பேர், 7.4 சதவீதம். 2021 கணக்கெடுப்பில் அது ஐந்தரை சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. ரஷ்யாவின் குடியரசுகளில் ரஷ்யத்தைத் தவிர வேறு அரசுமொழி இல்லாத ஒரே குடியரசு கரேலியா. 2004-இல் கரேலியம், வெப்ஸ், ஃபின்னிஷ் மூன்றுக்கும் அரசு ஆதரவு தரும் சட்டம் ஒன்று நிறைவேறியது. மழலைப் பள்ளியில் முழுக்கக் கரேலியத்தில் பேசும் ‘மொழிக்கூடு’ வகுப்புகளுக்காகப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.